ஆறு குண்டு, ஒரு ஓவர்

பின்பால் என்று சொன்னால் நம்ம ஊர் ஆட்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது ஒரே விஷயம்தான். விண்டோஸ் எக்ஸ்பியில் சாலிட்டேருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பேஸ் கேடட். பிரவுசிங் சென்டரில் நெட் கட்டாகி, "இருங்க தம்பி, இப்ப வந்துரும்" என்று கடைக்காரர் சொன்ன நேரத்திலெல்லாம் இசட்டையும் ஸ்லாஷையும் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதேதான். 2007-ல் விஸ்டா வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள்.

நாலு காலில் நிற்கிற, கண்ணாடி மூடிய, காசு போட்டால் மினுக் மினுக்கென்று எரிகிற நிஜ பின்பால் மெஷினை நான் மதுரையில் பார்த்ததே இல்லை. தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினம் உண்டு, மரணக்கிணறு உண்டு, வளையம் எறிந்து சோப்பு டப்பா ஜெயிக்கிற கடை உண்டு, டெல்லி அப்பளம் உண்டு. பின்பால் கிடையாது.

ஆனால் அதோட தாத்தா எங்க மாமா வீட்டில் இருந்தது. சோழவந்தானில்.

பேகடெல் போர்டு என்று சொன்னால் கொஞ்சப் பேருக்குப் பிடிபடும். சாய்வான பலகை, மேல் பக்கம் அரை வட்டமாக வளைந்த விளிம்பு, நடுவில் ஆணிகள், ஆணிகளுக்கு இடையில் நூறு, ஐநூறு, ஆயிரம் என்று எழுதின குழிகள். வலது ஓரத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பி. இழுத்து விட்டால் குண்டு ஓரமாகவே ஓடி, மேலே போய் வளைந்து, ஆணிகளில் மோதி மோதி இறங்கும். பொம்மைக் கடைகளில் விற்ற சாமான்தான். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. 'கிரிக்கெட் பலகை' என்போம், ஏனென்றால் எங்கள் பலகையில் நூறும் ஆயிரமும் கிடையாது. ஒண்ணு, ரெண்டு, நாலு, ஆறு, அவுட்.

மாமா மில்லில் ஃபிட்டர். மதுரா கோட்ஸ் என்று போர்டு மாட்டி எவ்வளவு காலமானாலும் பழைய ஆட்கள் ஹார்வி மில் என்றுதான் சொல்வார்கள், அந்த மில். தினமும் சோழவந்தானில் இருந்து ரயிலில் போய் வருவார். 1987 மே மாதம், ரிலையன்ஸ் உலகக் கோப்பை நம்ம ஊரில் நடக்கப் போகிறது என்று எல்லாரும் பேச ஆரம்பித்திருந்த சமயம், அவர் மகனுக்காக இந்தப் பலகையைச் செய்தார். மாமா பையனுக்கு என்னைவிட ஒரு வயசு கூட. இடது காலில் போலியோ. தெருவில் நாங்கள் விளையாடும்போது அவன் அம்பயர், இல்லையென்றால் ஸ்கோர் எழுதுகிறவன். பேட் பிடிப்பான், நன்றாகவே அடிப்பான், ஆனால் அவனுக்காக ஓட ஒரு ஆள் வேண்டும். "ஆள் பத்தாதுடா" என்று யாராவது ஒருத்தன் சொல்லுவான். அதோடு அவன் மறுபடி நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவான்.

பலகையில் இருந்த எல்லாமே வேறு எதற்காகவோ செய்யப்பட்ட சாமான். மேல் விளிம்பு, பஞ்சு பேல் கட்டுகிற எஃகுப் பட்டை. அதை வளைத்து ஆணி அடித்தால் அழகான அரை வட்டம், குண்டு அதில் உரசி ஓடும்போது 'ஸ்ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம். கம்பியின் கைப்பிடி, உடைந்த பாபின் கட்டையின் ஒரு முனை. குண்டு, கழித்துப்போட்ட பேரிங்கில் இருந்து எடுத்த அரை இஞ்ச் எஃகுக் குண்டு. மொத்தம் ஆறே ஆறு. ஆறு குண்டு அடித்தால் ஓவர் முடிந்தது.

ஆணிகளுக்குத்தான் மாமா ரொம்ப யோசித்தார். கடை போர்டுகளில் வெறும் இரும்பு ஆணி அடித்திருப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துச் சொரசொரவென்று ஆகிவிடும். மாமா சைக்கிள் ஸ்போக்கைத் துண்டு துண்டாக வெட்டி அடித்தார். துரு அவ்வளவு சீக்கிரம் ஏறாது, அதோடு ஸ்போக்குக்கு ஒரு துள்ளல் உண்டு. குண்டு மோதினால் 'டிங்' என்று ஒரு நாதம் வரும், லேசாக உதறி விடும்.

குழிகளை எங்கே வைப்பது என்பதில் அப்பனும் மகனுமாக ஒரு வாரம் சண்டை. பலகை முழுக்கப் பச்சை எனாமல் அடித்து, நடுவில் பிட்ச்சை வெளிர் மஞ்சளில் வரைந்திருந்தார்கள். பிட்ச் முடிகிற இடத்தில், நேர் கீழே, 'போல்டு' குழி. ஒண்ணும் ரெண்டும் பிட்ச்சைச் சுற்றி, எளிதாக விழுகிற இடங்களில். நாலு, இரண்டு பக்க ஓரங்களில். ஒவ்வொரு நாலுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு 'கேட்ச்' குழி, அதுதான் பயல் செய்த அநியாயம். பவுண்டரிக்கு ஆசைப்பட்டால் கேட்ச் போகிற ஆபத்து கூடவே இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வைக்கச் சொன்னான். ஆறு, உச்சியில், வளைவுக்கு நேர் கீழே. சுற்றிலும் ஸ்போக் வேலி, மேல் பக்கம் மட்டும் குண்டு நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். எதிலும் விழாமல் அடிக்குப் போய்விட்டால் டாட் பால்.

ரன் அவுட்? அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஏற்கெனவே குழியில் உட்கார்ந்திருக்கிற குண்டை அடுத்து வருகிற குண்டு இடித்து வெளியே தள்ளிவிட்டால், அது ரன் அவுட். அந்த ரன்னும் போச்சு, விக்கெட்டும் போச்சு. எடுத்த ரன் ஓவர் முடியும்வரை நிச்சயமில்லை. பத்துக் குண்டு அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது.

பலகையின் தலைப்பக்கத்துக்குக் கீழே ஒரு கட்டை. வேகமான பிட்ச் வேண்டுமானால் கட்டைக்கு அடியில் ஒரு கோனார் நோட்ஸ். பெர்த் மைதானம் என்றால் இரண்டு கோனார் நோட்ஸ். (தமிழுக்கு அந்த நோட்ஸ் செய்த சேவைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, மாமா தெரியாமலே சிகாகோக்காரர்கள் போன வழியில் போயிருக்கிறார் என்று.

கதை பிரான்ஸில் தொடங்குகிறது. பதினாறாம் லூயி மன்னரின் தம்பி 1777-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் இரண்டே மாதச் சொச்சத்தில் பந்தயம் வைத்துக் கட்டின மாளிகையின் பேர் பகத்தேல். அங்கே நடந்த விருந்தில் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சிறிசாக்கி, ஆணி அடித்து, கோலால் பந்தைத் தள்ளி விளையாடினார்கள், அதனால் ஆட்டத்துக்கும் அதே பேர் என்று சொல்வார்கள். அது கோல் வைத்து ஆடுகிற ஆட்டம். கோலை எடுத்துவிட்டு ஸ்பிரிங் கம்பியை வைத்தவர் மான்டேகு ரெட்கிரேவ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் சின்சினாட்டியில் குடியேறியவர். 1871-ல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். பின்பால் என்கிற மொத்த சமாசாரமும் அந்த ஸ்பிரிங்கில் இருந்துதான் கிளம்பியது என்பது என் கட்சி.

1931-ல் சிகாகோவில் டேவிட் காட்லீப் 'பாஃபிள் பால்' என்று கடை மேஜைமேல் வைக்கிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு சென்ட் போட்டால் ஐந்தோ ஏழோ குண்டு. அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த நேரம், ஒரு சென்ட்டுக்குக் கொஞ்ச நேரம் கவலையை மறக்கலாம் என்றால் சும்மாவா, பிய்த்துக்கொண்டு போயிற்று. ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1934-ல் வந்த 'வேர்ல்ட்ஸ் சீரீஸ்'. செய்தது ராக்-ஓலா கம்பெனி. (பேரைப் பார்த்து ராக் அண்டு ரோல் என்று நினைக்க வேண்டாம், முதலாளி பேரே டேவிட் ராக்கோலா.) பேஸ்பால் ஆட்டத்தை அப்படியே பலகையில் இறக்கியிருந்தார்கள். ஹிட்டுக்கான குழியில் குண்டு விழுந்தால், நடுவில் இருக்கிற வட்டத் தட்டு சுழன்று, ரன்னர் குண்டுகளை அடுத்த பேஸுக்கு நகர்த்தும். மூன்று அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. மின்சாரமே கிடையாது, எல்லாம் நெம்புகோலும் குண்டின் எடையும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு விளையாட்டைப் பலகைக்குக் கொண்டுவருவது என்றால் ஸ்டேடியம் படம் வரைவது இல்லை. கடைகளில் கிரிக்கெட் வீரர் படம் ஒட்டின போர்டு வாங்கியிருக்கிறேன். கீழே அதே நூறு, ஐநூறு, ஆயிரம். அது கிரிக்கெட் இல்லை, ஸ்டிக்கர். அந்த ஆட்டத்தில் எது பயமோ, எது ஆசையோ, அது குழியின் இடத்திலும் ஆணியின் இடைவெளியிலும் வர வேண்டும். நாலுக்குப் பக்கத்தில் கேட்ச் வைக்கச் சொல்லி அடம்பிடித்த பதிமூணு வயசுப் பயலுக்கு அது தெரிந்திருந்தது.

ஆணி விஷயத்தில் ஜப்பான்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. இதே பேகடெல் பலகையைச் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரோடு வைத்தால் பச்சிங்கோ. நகோயாவில் மசமுரா டகேயிச்சி என்பவர் 1948-ல் கொண்டுவந்த ஆணி அடுக்குதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். அதுவரை வரிசையாக நெருக்கி அடித்திருந்த ஆணிகளில் பலதைப் பிடுங்கிவிட்டு, இடைவெளி விட்டார். குண்டு எப்படிப் போகும் என்று சொல்ல முடியாமல் ஆயிற்று, கூட்டம் அள்ளியது. கடை மூடினபிறகு சின்னச் சுத்தியலோடு வந்து, ஆணிகளைத் தலைமுடி அளவுக்குச் சாய்த்துவிட்டுப் போகிற ஆட்களுக்குத் தனிப் பேரே உண்டு, கூகிஷி. நம்ம பாஷையில் ஆணி ஆசாரி என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆணி ஆசாரி மாமா பையன்தான்.

அவன் அந்தப் பலகையைப் படித்துவைத்திருந்த மாதிரி நான் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை. ஸ்பிரிங் கம்பியில் மாமா அரத்தால் கால் இஞ்சுக்கு ஒரு கோடு போட்டிருந்தார். இரண்டாவது கோடுவரை இழுத்தால் குண்டு வளைவின் பாதியிலேயே இறங்கிவிடும், ஒண்ணு ரெண்டு எடுக்கலாம். மூன்றாவது கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே என்றால் வலது நாலு. மூன்றாவது கோட்டுக்குச் சரியாக என்றால் ஆறின் வாசல். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு இழுத்தால் அதில் சேருகிற சக்தி நான்கு மடங்கு. உராய்வை மறந்துவிட்டால், குண்டு ஏறுகிற உயரமும் நான்கு மடங்கு. அதனால் விரலில் ஒரு நூல் அளவு வித்தியாசம், மேலே போகும்போது ஒரு இஞ்ச் ஆகிவிடும். ஐப்பசி மழையில் பலகை ஊறினால் குண்டு மந்தமாகும், அக்னி நட்சத்திரத்தில் காய்ந்தால் பறக்கும். எல்லாவற்றையும் அவன் ஸ்கோர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தான். பத்துத் தடவை அடித்தால் ஆறு தடவையாவது நினைத்த பக்கம் போகும். எங்களுக்கெல்லாம் இரண்டு போனால் பெரிசு.

தெருவில் ஓட முடியாதவன், பலகையில் எங்கள் எல்லாரையும் ஓட ஓட விரட்டினான். சும்மா சொல்லக் கூடாது, அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. இருக்கட்டுமே.

அந்த வருஷம் அக்டோபர் 9-ம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியா பேட்டிங்கில் டீன் ஜோன்ஸ் தூக்கியடித்த ஒரு பந்துக்கு அம்பயர் நாலு என்று கை காட்டினார். இடைவேளையில் ஆஸ்திரேலிய மேனேஜர் வந்து அது ஆறு என்று முறையிட, கபில்தேவ் ஒப்புக்கொள்ள, 268 என்பது 270 ஆனது. இந்தியா 269-க்கு ஆல் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. கடைசி விக்கெட் மனிந்தர் சிங், பவுலர் ஸ்டீவ் வாஹ். முந்தின வருஷம் இதே சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் டை ஆனபோதும் கடைசியாக அவுட்டானது அதே மனிந்தர்தான், பாவம். அரைப்பரீட்சை லீவுக்கு நான் சோழவந்தான் போனபோது பலகையில் புது விதி ஒன்று வந்திருந்தது. குண்டு குழிக்குள் விழாமல் விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்றால், அம்பயர் சொல்வதுதான் தீர்ப்பு, ஓவர் முடிந்தபிறகு மாற்றக் கூடாது. அம்பயர் யார்? அவன்தான்!

அடுத்த வருஷம், 1988, ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா. மாமா வீட்டில் பயல்கள் ஏழெட்டுப் பேர். கையில் திருவிழாக் காசு. யாரோ ஒருத்தன் ஆரம்பித்து வைத்தான், ஓவருக்குப் பத்துப் பைசா. ஜெயிக்கிறவனுக்கு மொத்தமும். நல்ல சூட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, எங்களை மதுரைக்குக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலில் நின்றார்.

அப்பாவுக்குச் சூதாட்டம் என்றால் ஆகாது. காரணம் அவருடைய அப்பா. திருவிழாவுக்குத் திருவிழா லங்கர் கட்டையில் காசை விட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாராம். அந்த வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவரிடம் நியாயம் பேச முடியாது.

"என்ன மாப்ள, வீட்லயே லங்கர் கட்டை நடத்துறியா?"

மாமா பதறிப்போய் ஓடிவந்தார். "அய்யோ அத்தான், காசு வச்சது தப்புத்தான். ஆனா இது அந்த மாதிரி இல்ல. இது கை வேலை. வேணும்னா பயல ஒரு குண்டு அடிக்கச் சொல்றேன், எதுல விழும்னு அவனே முன்னாடி சொல்லிட்டு அடிப்பான்."

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றார். மாமா பையன் ஒரு குண்டை எடுத்துத் துடைத்தான். "வலது நாலு" என்றான். இழுத்தான், விட்டான். ஸ்ஸ்ர்ர். குண்டு வளைவில் ஏறி, அவன் சொன்ன இடத்துக்குத்தான் வந்தது. அங்கே ஆறு வேலியின் வலது ஓர ஸ்போக்கில் பட்டது. டிங். ஒரு கணம் நின்றது. அப்புறம் எதிர்ப்பக்கம் துள்ளி, வாசலுக்குள் போய், ஆறில் விழுந்தது.

பயல்கள் 'சிக்ஸர்!' என்று கத்தினார்கள். நானும் அவனும் மட்டும் கத்தவில்லை.

"நாலுன்னு சொன்னான், ஆறுல விழுகுது. இதுக்குப் பேர்தான்டா அதிர்ஷ்டம்" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பலகை பரணுக்குப் போயிற்று. மாமா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானிடம் எப்படிப் பேசுவார்?

இனி நியூயார்க்.

1942 ஜனவரியில் அந்த ஊர் மேயர் லா கார்டியா பின்பாலுக்குத் தடை போட்டார். சூதாட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறது என்று சொல்லி. எங்க அப்பா கட்சி. சம்மட்டியால் அவரே மெஷின்களை அடித்து நொறுக்குகிற போட்டோ இருக்கிறது. நியாயத்தைச் சொன்னால், அப்போதைய மெஷினில் கம்பியை இழுத்து விட்டபிறகு ஆட்டக்காரன் செய்ய ஒன்றுமே இல்லை. மேஜையை இடிக்கலாம், தூக்கலாம். அதற்கும் ஹாரி வில்லியம்ஸ் 1930-களிலேயே 'டில்ட்' என்ற ஒரு செக் வைத்துவிட்டார். ஒரு வளையத்துக்குள் குண்டு ஒன்று தொங்கும், நம்ம கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரியே. மெஷினை ரொம்ப ஆட்டினால் குண்டு வளையத்தில் தொடும், கரன்ட் பாய்ந்து ஆட்டம் முடிந்துவிடும்.

தடை வந்து ஐந்து வருஷம் கழித்து, 1947-ல், காட்லீப் கம்பெனியின் ஹாரி மேப்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில் ஆறு ஃபிளிப்பர் வைத்தார். பட்டனை அழுத்தினால் சின்னத் துடுப்பு குண்டைத் திருப்பி அடிக்கும். மறு வருஷம் ஸ்டீவ் கோர்டெக் ஆறு எதற்கு, கீழே இரண்டு போதும் என்று 'டிரிபிள் ஆக்‌ஷன்' மெஷினில் காட்டினார். இப்போது நாம் பின்பால் என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான். ஆனால் நியூயார்க் தடை மட்டும் அப்படியே கிடந்தது.

1976-ல் ரோஜர் ஷார்ப் என்கிற பத்திரிகைக்காரரை நகர சபைக் கமிட்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இது திறமை ஆட்டம்தான் என்று அவர் ஆடிக் காட்ட வேண்டும். அவர் பழகிவைத்திருந்த மெஷின் வேண்டாம், மாற்றாக வைத்திருக்கிற இன்னொன்றில் ஆடு என்றார் ஒரு உறுப்பினர். ஷார்ப் ஃபிளிப்பரில் நன்றாகவே ஆடினார். உறுப்பினருக்குப் போதவில்லை. கடைசியாக ஷார்ப் ஒன்று செய்தார். ஸ்பிரிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குண்டு மேலே இருக்கிற நடு வழியில் போகும் என்று சொல்லிவிட்டு, இழுத்து விட்டார். குண்டு நடு வழியில் போயிற்று. தடை நீங்கியது. முப்பத்துநாலு வருஷத் தடை.

முதல் தடவை இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். நிரூபித்தது ஃபிளிப்பர் இல்லை, 1871-ன் ஸ்பிரிங்! எந்தக் கம்பியைப் பார்த்து லா கார்டியா அதிர்ஷ்டம் என்றாரோ அதே கம்பி. அதைவிட வேடிக்கை, அந்த ஒரு அடியில் தனக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்று ஷார்ப்பே பின்னால் சொல்லியிருக்கிறார். அங்கே குண்டு சொன்ன இடத்துக்குப் போனது, திறமை என்று சட்டமே மாறியது. இங்கே ஒரு ஸ்போக் கொஞ்சம் துள்ளியது, பலகை பரணுக்குப் போனது. இரண்டு இடத்திலும் பார்த்தது ஒரே ஒரு குண்டை. பத்துக் குண்டு அடிக்கச் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு ஆறு தடவை காட்டியிருப்பான். நோட்டின் பின்பக்கத்தை அவர் கேட்கவும் இல்லை, அவன் காட்டவும் இல்லை.

நம்ம ஊர்ச் சட்டமும் இந்தக் கோட்டின்மேல்தான் நடந்திருக்கிறது. 1930-ன் சென்னைச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களை விட்டுவிடுகிறது. எது திறமை என்பதுதான் வழக்கு. 1968-ல் ரம்மி திறமை என்றது உச்ச நீதிமன்றம். 1995-ல் கர்நாடகாவின் வீடியோ கேம் கடைகள் வழக்கில், லைசென்ஸ் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்றது. 1996-ல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்கில், குதிரையும் ஜாக்கியும் பயிற்சியால் ஓடுவது, அது திறமைதான் என்றது. எங்க தாத்தா கேட்டிருந்தால் லங்கர் கட்டைக்கும் ஒரு அப்பீல் போட்டிருப்பார்.

2009-ல் வேலைக்காக மூன்று மாதம் சிகாகோ பக்கம் இருந்தபோது, ஒரு கடையில் 'வேர்ல்டு கப் சாக்கர்' மெஷினில் நானே ஆடிப் பார்த்தேன். பாலி கம்பெனி 1994 உலகக் கோப்பைக்காகக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர்கள் ஜான் போபாடியூக், லேரி டிமார். எட்டாயிரத்துச் சொச்சம் மெஷின்கள் செய்தார்கள். ஆறரை டிகிரி சாய்வு, எண்பது கிராம் எஃகுக் குண்டு. பலகைமேல் ஒரு கால்பந்து மோட்டாரில் சுற்றிக்கொண்டே இருக்கும், குண்டு அதில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. அந்தப் பக்கம் கோல் வலை, முன்னால் இடமும் வலமும் நகர்கிற கோல்கீப்பர். இரண்டு ஃபிளிப்பருக்கு நடுவே குண்டு விழப் போகிற நேரத்தில் பட்டனை அழுத்தினால் காந்தம் பிடித்து நிறுத்தும். அமெரிக்க உலகக் கோப்பையின் அதிகாரபூர்வச் சின்னமான ஸ்ட்ரைக்கர் நாய்க்குட்டி படம் முழுக்க. கடைசியில் ஜெர்மனியை ஜெயிக்க வேண்டும். போட்டி நடக்கும் முன்பே செய்த மெஷின் ஆயிற்றே, போன தடவை சாம்பியனை இறுதியில் போட்டுவிட்டார்கள். நிஜத்தில் ஜெர்மனி காலிறுதியில் பல்கேரியாவிடம் தோற்று வீட்டுக்குப் போனது. ஃபைனல் பிரேசிலும் இத்தாலியும்.

அருமையான மெஷின், சந்தேகமே இல்லை. அந்தக் கோல்கீப்பரை ஏமாற்றி ஒரு கோல் போட்டால் வருகிற கூச்சல் இருக்கிறதே! சில்லறை தீரும்வரை ஆடினேன். கால்பந்துக்கு ஃபிளிப்பர் பொருத்தம், பந்து போய்ப் போய் வரும், தப்பு செய்தாலும் அடுத்த உதை உண்டு. கிரிக்கெட் பேட்டிங் அப்படி இல்லை. அடித்தாயிற்று என்றால் அடித்தாயிற்று, அப்புறம் பந்து கேட்ச் பக்கம் போகிறதா பவுண்டரி பக்கம் போகிறதா என்று வாயைப் பிளந்து பார்க்கத்தான் முடியும். அதனால் எங்கள் பலகையில் ஃபிளிப்பர் இல்லாதது குறை என்று இப்போது நான் நினைப்பதில்லை. மாமாவுக்கு ஃபிளிப்பர் பற்றித் தெரிந்திருந்தாலும் வைத்திருக்கக் கூடாது.

பரணுக்குப் போன பலகை, நாங்கள் மதுரைக்கு ரயில் ஏறின அன்று சாயங்காலமே கீழே வந்துவிட்டதாம். அடுத்த லீவில் மாமா காதோரம் சொன்னார். "ஒங்கப்பாட்ட சொல்லிறாத."

மாமா இப்போது இல்லை. பையன் சோழவந்தானிலேயே மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்து மோட்டார் புகைந்தாலும் அவனிடம்தான் வரும். செம்புக் கம்பியை எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம் என்று விரலாலேயே சொல்வான். பலகை கடையின் உள்கட்டில். ஸ்பிரிங் இரண்டு தடவை மாற்றியாயிற்று, பச்சை எனாமல் பாதி உரிந்துவிட்டது, ஸ்போக்கெல்லாம் அதே ஸ்போக்.

போன மாதம் போயிருந்தேன். அவனுடைய மகள், எட்டாவது படிக்கிறாள், பலகைக்கு ரிவ்யூ கொண்டுவந்திருக்கிறாள். இன்னிங்ஸுக்கு ஒன்று. மூன்றாவது அம்பயர் செல்போன். ஸ்டூலின்மேல் நிறுத்திவைத்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கிறார்கள். எனக்கு நாலு என்று நான் கேட்ட ரிவ்யூவுக்காக ஓட்டிப் பார்த்தோம். குண்டு வந்து ஆறு வேலியின் வலது ஓர ஸ்போக்கில் மோதுகிறது. ஸ்போக் வளைகிறது, நன்றாகவே வளைகிறது, பிறகு நிமிர்கிறது, நிமிரும்போது குண்டை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. அடியில் அது லூஸாக இருக்கிறது. எப்போதிலிருந்து என்று யாருக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அந்த வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு மாப்ள. இந்த ஆணி பண்ணுன வேல இப்பத்தான் தெரியுது" என்று சுத்தியலை எடுத்தான்.

"யப்பா, இன்னிங்ஸ் நடுவுல பிட்ச்சத் தொடக் கூடாது" என்றாள் மகள். எனக்கு இன்னும் மூன்று விக்கெட் பாக்கி, பதினேழு ரன் வேண்டும். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.